மாடிப்படி ஏற மாட்டேன்

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள், மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம் ஒன்றுக்கு நானும் என் கணவரும் விளாங்குடியிலிருந்து மதுரைக்குள் போனோம். இரண்டு வயதில் எனக்குப் போலியோ வந்தது. இடது காலில் இடுப்புவரை காலிபர் என்ற இரும்புத் தாங்கி மாட்டித்தான் நடப்பேன். வீட்டில் உட்கார்ந்து நைட்டி, பாவாடை தைத்துக் கொடுக்கிறேன்.

முகாமுக்குப் போனது அது இரண்டாவது தடவை. அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டுமென்றால், ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் சான்றிதழ் தர வேண்டும். சதவீதம் குறைந்தால் மனு அங்கேயே படுத்துவிடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. நடக்க முடியாதவர்களுக்கான முகாமை மாடியில் வைத்திருந்தார்கள். நானும் ரோஷப்பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். நாலு பேர் இருக்கும் இடமாயிற்றே என்று நல்ல சேலை, தலை நிறையப் பூ வேறு. டாக்டர் என் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மாடியே ஏறி வந்துவிட்டீர்களே என்று சொல்லிக் குறைத்து எழுதிவிட்டார். 

மறுபடி எழுதிப் போட்டு, அலைந்து, ஒருவழியாக இந்த நாள் கிடைத்தது. அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். காலிபரைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து போ, கிழிசல் சேலை கட்டு, கொஞ்சம் அழு என்றார்கள். வேஷம் போட்டுத்தான் என் காலை நிரூபிக்க வேண்டுமா? போன தடவை கட்டிய அதே சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அன்றும் மாடிதான். வயதானவர்களை அவர்கள் பிள்ளைகள் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மார்க்கெட்டில் லோடு இறக்கும் என் கணவரும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் முன்னால் குனிந்தார்.

"வெங்காய மூட்டையே தூக்குறேன், உன்னயத் தூக்க மாட்டனா?"

"நான் என்ன மூட்டையா? தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஊழியர் ஒருவர் இறங்கி வந்தார். டோக்கன் கூப்பிட்டாயிற்று, மேலே வராவிட்டால் ஆப்சென்ட் போட்டுவிடுவோம் என்றார். எனக்குச் சுரீரென்றது.

"ஏறி வந்தா நல்லா நடக்குறேன்னு எழுதுவீங்க. ஏறாட்டி ஆளே வரலைன்னு எழுதுவீங்க. அப்ப நான் எப்பிடித்தேன் வரணும்? டாக்டரக் கீழ வரச் சொல்லுங்கண்ணே, அவருக்குக் காலு நல்லாத்தேன இருக்கு."

கூட்டம் சிரித்துவிட்டது. அவர் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் என்றேன். வெளியே அப்படிப் பேசினாலும் உள்ளுக்குள் பயம்தான். இதையும் கெடுத்துக்கொண்டால் இனி யார் கூப்பிடப் போகிறார்கள்? அதுவரை முதுகில் ஏறச் சொல்லி என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்த கணவர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகன் முதுகில் இருந்த ஒரு பெரியம்மாவும் தன்னை இறக்கிவிடச் சொல்லி அடுத்த படியில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டே நிறைந்துவிட்டது.

கடைசியில் டாக்டர் இறங்கி வந்தார். இவர் வேறு டாக்டர். முகம் கடுகடுவென்றுதான் இருந்தது, ஆனாலும் வராண்டாவில் மேஜை போடச் சொன்னார். காலிபரைக் கழற்ற வைத்து, காலை மடக்கி, நீட்டி, டேப் வைத்து அளந்தார். முன்னாடி யாரும் இப்படிப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

"இல்ல சார். நான் மாடி ஏறினதத்தேன் பாத்தாக."

அவர் சதவீதத்தைச் சரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெயில் ஏறுவதற்குள் அந்தப் பெரியம்மாவையும் அங்கேயே பார்த்துவிட்டார்.

இப்போது உதவித்தொகை வருகிறது. அரசாங்கம் பாவம் பார்த்துக் கொடுக்கிறது என்று சொந்தக்காரர்கள் யாராவது சொன்னால் நான் சும்மா விடுவதில்லை. யாரும் பாவம் பார்க்கவில்லை, நான் உட்கார்ந்து வாங்கினேன் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறேன், சொல்லும் ஒவ்வொரு தடவையும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.