மார்புச் சூடு

எங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறியதால் எட்டாம் மாதத்திலேயே வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்தார்கள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். பிள்ளை அடுத்த மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள். நான் இரண்டுக்கும் நடுவில் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

பெண்பிள்ளை. மூக்கில் குழாய். நெஞ்சு படபடவென்று அடிப்பது தோலுக்கு மேலேயே தெரிந்தது. சிலவேளை மூச்செடுக்க மறந்துவிடும். உடனே பக்கத்து இயந்திரம் கூவும், தாதி ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டுவார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நானும் பதறி எழும்பி அவருக்குப் பின்னால் ஓடுவேன்.

ஒரு நாள் காலை பெரிய தாதி என்னைக் கூப்பிட்டார். தாய் எழும்ப இன்னும் நாள் எடுக்கும், பிள்ளையைத் தொடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பது நல்லதல்ல, நான்தான் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சில் வைத்திருக்க வேண்டும் என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஒழுங்கையில் பெண்கள் எதிரே வந்தால் சைக்கிளை விட்டிறங்கி வேலியைப் பார்ப்பேன். கோயிலிலும் வெங்காயத் தோட்டத்திலும் வெறும் மேலோடு நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. இந்த அறை முழுக்கப் பெண்கள். நிலத்தைப் பார்த்தபடி, மனைவியின் அக்கா வெளியே நிற்கிறா, அவ வைத்திருந்தால் போதாதா என்று கேட்டேன்.

தாதி சொன்னார்: "தேப்பன் நீங்கள் இருக்கேக்கை அவ ஏன்? தோலோடை தோல் பட்டா ஒக்ஸிரோசின் எண்டு ஒண்டு உடம்பிலை ஊறும். அது பயத்தை அடக்கும். பிள்ளையின்ரை படபடப்புக் குறையும். உங்கடையும் குறையும்."

அந்தப் பெயர் எனக்குத் தெரியும். எங்கள் மாடு கன்று போட்டுவிட்டுப் பாலை அடக்கிக்கொண்டு நின்றபோது மாட்டு டொக்டர் ஏற்றிய ஊசி அதுதான். நான் சட்டைக் கையை மேலே மடித்தேன்.

"எந்தக் கையிலை போடப்போறியள் மிஸ்?"

அவருக்கு விளங்கவில்லை. மாட்டுக் கதையைச் சொன்னதும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிரித்தார். சற்று நேரத்தில் அறை முழுவதும் அது தெரிந்துவிட்டது.

"ஊசி வேண்டாம் அண்ணை. அது உங்கடை உடம்பிலையே இருக்கு. மாடும் பயந்தா அடக்கும், கன்று முட்டினா விடும். பிள்ளையை வைச்சுப் பாருங்கோ."

கைகழுவப் போகும் வழியில் மனைவியின் அக்கா, என் மச்சாள், மறித்தா. பிள்ளை பிறந்த துடக்குக் கழியமுன் ஆம்பிளை பச்சைப்பிள்ளையைத் தூக்குவதா, அதுவும் மேலில் துணி இல்லாமல், சனம் என்ன சொல்லும் என்று கேட்டா. எங்கள் வீட்டில் வழக்கம் அதுதான். என் தகப்பனும் முப்பத்தொரு நாள் துடக்குக் கழிந்த பிறகுதான் என்னைத் தூக்கினாராம். மச்சாளுக்கு நான் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை.

"சனத்துக்கு ஒண்டும் மூச்சு நிண்டுபோகேல்லை, மச்சாள்" என்றேன்.

நெஞ்சையும் கைகளையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பொத்தான்களைக் கழற்ற நேரம் எடுத்தது. என்னைச் சாய்ந்த கதிரையில் இருத்தி, பிள்ளையை என் மார்பில் நிமிர்த்தி வைத்து, சுற்றித் துணியால் கட்டினார்கள். ஒரு சின்னக் கட்டு வெங்காயத்தின் பாரம்தான் இருக்கும். வைத்த கொஞ்ச நேரத்திலேயே இயந்திரம் கூவியது.

"எழும்பட்டே மிஸ்?"

"இருங்கோ. நீங்கள் பதறினா அவவும் பதறுவா."

அவர் காலைச் சுண்ட, பிள்ளை மூச்சை இழுத்தது. இனி யார் பார்த்தாலும், என்ன சத்தம் கேட்டாலும், எழும்பு என்று சொல்லும்வரை எழும்புவதில்லை என்று முடிவெடுத்தேன். என் மூச்சை மெதுவாக்கினேன். இயந்திரத்தில் நெஞ்சடிப்பைக் காட்டும் இலக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என் படபடப்பு எப்போது அடங்கியது என்று தெரியவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் எங்கள் ஊர் நெல்லியடியிலிருந்து முதல் பஸ்ஸில் போனேன். பெண்கள் பார்த்தார்கள். நான் இருந்தேன். மூச்சு மறப்பது குறைந்து வந்தது. ஒரு காலை மருத்துவர், பிள்ளை என் மார்பில் கிடக்கும்போதே, குழாயை எடுத்துப் பார்ப்போம் என்றார். எடுத்தார்கள். திரும்ப வைக்கத் தேவைப்படவில்லை.

அன்று மத்தியானம் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவளுக்கு அழுத்தம் முழுதாக இறங்கவில்லை. இத்தனை பெண்களுக்கு நடுவே நான் இருந்த கோலத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வெக்கமில்லையே?"

"இருக்கு. அதுக்கென்ன?"

அவள் கைகளை நீட்டினாள். விழுத்திவிடுவேன், நீங்களே வைத்திருங்கோ என்று பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் கட்டை அவிழ்த்து, தாதியின் துணையோடு பிள்ளையை அவளுடைய நெஞ்சில் வைத்தேன். அவளுடைய கைக்கு மேல் என் கையை வைத்து அழுத்திப் பிடித்தேன். பிள்ளை முகத்தைச் சுளித்து, ஒருமுறை நெளிந்து, அடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத் தாதி அவளுடைய மற்றக் கையில் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். இறங்குது என்றார். வார்ட்டுக்குத் திரும்பிப் போக நேரமாகிவிட்டது என்று நாற்காலி தள்ளுபவர் முன்னால் வந்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்றேன். என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை; நானாகவே சொன்னேன்.