அப்பாவின் காருக்குள் மட்டும் கேட்ட சத்தம்

அப்பா இறந்து எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையல் முடிந்தபிறகு, வாடகைக்கு எடுத்த அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவருடைய காரை முதன்முதலாகத் தனியாக எடுத்தேன். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை விட்டுக் காலி வீதியில் ஏறி அக்சிலேட்டரை மிதித்தேன். கார் 'ஙீ...' என்று முனகியது. அழுத்த அழுத்தச் சத்தம் மேலே ஏறியது. காலை எடுத்தால் இறங்கியது. அண்டாக்கள்தான் ஒன்றோடொன்று உரசுகின்றன என்று நினைத்தேன். அவற்றை இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அதே முனகல்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. “அப்பா, நீங்களோ?” என்று கேட்டேன். மிதித்தேன், பதில் வந்தது. காலை எடுத்தேன், அடங்கியது. இப்படியே கொஞ்சத் தூரம் நாங்கள் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு போனோம். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தபிறகுதான் வாயை மூடினேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். சீலைக்கடையில் சீலை மடிக்கிற வேலை. எனக்கு ஒழுங்காக வந்த ஒரே படிப்பு கார் ஓட்டுவதுதான். லைசென்ஸ் கிடைத்த அன்றைக்கு, ஏதோ நான் டொக்டருக்குப் பாஸ் பண்ணின மாதிரி அப்பா ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்தக் காரை விற்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. வீட்டில் மற்ற எல்லோருக்கும் இருந்தது.

மற்ற எல்லோரும் என்றால், அம்மாவும் அம்மாவின் அண்ணனும். மாமா கிருலப்பனையில் இருக்கிறார். பாங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சொந்தமாகக் கார் வைத்திருந்ததே இல்லை. ஆனால் காரைப்பற்றி அவருக்குத் தெரியாதது என்று ஒன்றுமில்லை. முன் சீட்டில் அவரை ஏற்றி ஒரு சுற்றுப் போனேன்.

“வீல் பெயாரிங் போச்சு,” என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

நான் காரை ஓரமாக நிற்பாட்டி, நியூட்ரலில் வைத்து ரேஸ் பண்ணினேன். ஙீ...

“மாமா, வீல் சுத்தாமலே கேக்குதே?”

“அப்ப கியர்பொக்ஸ்,” என்றார். கண்ணைத் திறக்கவே இல்லை.

அன்றைக்குப் பின்னேரமே அம்மாவிடம் போய், கார் முனகுகிறது, முழுதாகச் சாகமுன்னம் விற்றுவிடவேண்டும், தனக்குத் தெரிந்த ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுப்பார் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அந்த 'முனகுகிறது' என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் கடைசிவரை இருந்தவர் அம்மாதான்.

“எனக்கு இன்னொரு முனகலைக் கேக்க ஏலாது பிள்ளை. வித்துப்போடு.”

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தச் சத்தத்தை நிற்பாட்டவேண்டும். அவ்வளவுதான் என் முழுப் பிரச்சினையும்.

கடையில் என்னோடு வேலை செய்கிற ஓர் அக்கா சொல்லி, கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த மெக்கானிக் பாஸ் பொனற்றைத் திறந்து, நீளமான ஸ்குரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியைக் காதில் வைத்தார். நெஞ்சு பார்க்கிற டொக்டர் மாதிரியே இருந்தது.

“ரேஸ் பண்ணுங்க தங்கச்சி.”

பண்ணினேன். “இந்தா, கேக்குது!”

“எங்க? எனக்குக் கேக்கலையே.”

“உதென்ன பாஸ், காரே கத்துது!”

“எஞ்சின் சோக்கா ஓடுது. பொரளைப் பக்கம் போனீங்கன்னா நல்ல காது டொக்டர்மார் இருக்காங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையில் பிடித்து இழுக்காத குறையாக அவரை உள்ளே ஏற்றினேன். ரேஸ் பண்ணினேன். அவருடைய முகம் மாறியது.

“அட, இருக்கு.” இறங்கினார். “இல்ல.” திரும்பவும் ஏறினார். “இருக்கு!” பக்கத்துக் கராஜ்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள்.

பாஸுக்கு ரோசம் வந்துவிட்டது. எஞ்சினின் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணினார். சத்தம் இல்லை. “ஆல்டர்நேட்டர்! பிடிச்சிட்டேன்,” என்று கையைத் தட்டினார். பெல்ட்டில் சுற்றி, காருக்குக் கரண்ட் செய்துகொடுக்கிற சாமான் அது. அதற்குப் பெயாரிங் மாற்றி, பெல்ட்டைத் திரும்பப் போட்டார். சத்தமும் திரும்ப வந்தது, முன்னதைவிட உற்சாகமாக.

“டாஷ்போர்ட்டைக் கழட்டித்தான் பாக்கணும். சனிக்கிழமை வாங்க,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை காலை நான் கார்த் திறப்பை எடுக்கும்போது அம்மாவும் செருப்பைப் போட்டார். “விக்கப்போற சாமான்தானே. ஒருக்கா ஏறிப்போட்டு வாறன்.” அப்பா இருந்தவரைக்கும் அம்மாவின் இடம் முன் சீட்டு. அந்தக் கதவைத் திறந்தார், கொஞ்ச நேரம் நின்றார், சாத்தினார். பின்னால் போய் ஏறினார். வழி முழுக்க ஊர்ந்து ஊர்ந்து போனேன், சத்தம் ஏறாமல். பின்னால் வந்த பஸ்காரன் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் இங்கே எழுத ஏலாது.

கராஜில் பாஸ் முன்னால் ஏறிக்கொண்டார். டாஷ்போர்ட்டைக் கழற்றமுன்னம் கடைசியாக ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம் என்றார். இனி ஊர்ந்து பயனில்லை. சந்தி தாண்டினதும் நன்றாக மிதித்தேன்.

“பிள்ளை, நிப்பாட்டு!” என்றார் அம்மா.

அழப்போகிறார் என்று நினைத்துப் பயந்து நிற்பாட்டினேன்.

“இது முன்னுக்கு இல்லை. என்ர பிடரிக்குப் பின்னால கேக்குது.”

“அக்கா, எஞ்சின் முன்னாலதானே இருக்கு,” என்றார் பாஸ்.

“எஞ்சின் எங்கயும் இருக்கட்டும் தம்பி. என்ர பிடரி இஞ்சைதான் இருக்கு.”

பாஸ் பின்னால் போய், சீட்டுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் காதை வைத்தார். நான் ரேஸ் பண்ணினேன். அவர் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தங்கச்சி, செட் ஓன்ல இருக்கா?”

இருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை எங்கள் வீட்டில் பாட்டுப் போடமாட்டோம். ரீவியைக்கூடத் துணியால் மூடியிருந்தோம். அதனால் கார் செட்டின் சத்தத்தையும் நான் அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தேன். குறைத்தேனே தவிர நிற்பாட்டவில்லை. பாட்டே போடாதபோது செட்டை யார் நினைப்பார்கள்? அப்பாவோ திறப்பைத் திருப்பின கையோடு பாட்டை முழுச் சத்தத்தில் விடுகிற ஆள். இந்த முனகல் எவ்வளவு காலம் பாட்டுக்கு அடியில் கிடந்ததோ தெரியாது. நாங்கள் துக்கம் காத்தபடியால்தான் அது வெளியே வந்தது.

பாஸ் டிக்கியைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்கினார். ஸ்பெயார் ரயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டலம். அவிழ்த்தால், பாட்டைப் பெரிதாக்குகிற அம்ப் ஒன்று, நல்ல பெரிய சைஸில். செட்டை ஓன் பண்ணினால் அதுவும் ஓனாகும். அதன் எர்த் வயர் பூட்டின இடம் கறள் பிடித்துத் தளர்ந்திருந்தது. அதனால் ஆல்டர்நேட்டர் சுற்றுகிற சத்தம் வயர் வழியாக வந்து ஸ்பீக்கரில் பாடுகிறதாம். பாஸ் கறளைச் சுரண்டி, ஆணியை முறுக்கினார். ரேஸ் பண்ணினேன். ஒன்றும் இல்லை. காருக்குள் அப்படி ஓர் அமைதி.

அம்மா அம்பைப் பார்க்கவில்லை. அது சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது என்ர பச்சை வொயில் சீலை.”

அந்தச் சீலை காணாமல் போனதற்காக அம்மா லோண்டரிக்காரரோடு பெரிய சண்டை பிடித்தவர். இன்றைக்கும் அந்தக் கடை வாசலால் போவதில்லை, சுற்றித்தான் போவார்.

“இந்த மனுசன்! காருக்கு உந்தப் பெரிய செட்டுகள் வேண்டாம், பிள்ளைக்குக் காது போயிடும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! ஓமோம் எண்டு தலையை ஆட்டிப்போட்டு, என்ர சீலையில சுத்தி வச்சிருக்குது பாருங்கோ தம்பி! வரட்டும், இண்டைக்கு வீட்ட வரட்டும்...”

அதோடு நின்றுவிட்டார். பாஸ் தன் ஸ்குரூட்ரைவரைத் துடைக்கத் தொடங்கினார். அம்மா சீலையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ சிரிக்கிறாரோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது.

“லோண்டரிக்காரன்ர முகத்தில நான் இனி எப்பிடி முழிக்கிறது?” என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் போன். வாங்குகிறவர் நாளைக்குக் காலையிலேயே வருவாராம்.

“அண்ணை, கார் விக்கேல்லை,” என்றார் அம்மா.

“கியர்பொக்ஸ் போன காரை வச்சு...” மாமாவின் குரல் எனக்கே கேட்டது.

“கியர்பொக்ஸ் நல்லாத்தான் இருக்கு. உங்கட மச்சான் டிக்கிக்குள்ள ஒளிச்சு வச்ச ஒண்டு இப்ப பிடிபட்டிட்டுது. சீட்டுகளுக்கு அடியில என்னென்ன கிடக்கோ, இனித்தான் பாக்கவேணும். முழுக்கத் தேடி முடிக்காமல் நான் இதை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்.”

போனை வைத்துவிட்டு, பாஸிடம் டோர்ச் லைட் கேட்டார்.