கொங்கிரீட் பாதையில் காய்ந்த விதைநெல்

1. வாலில் போகிறவன்

மாத்தளை டவுனில் சைக்கிள் திருத்திக்கொண்டிருந்த என்னை வேலைக்கு எடுத்த முதல் நாளே, வெளிநாட்டுக்காரரைச் சைக்கிள் டூர் கூட்டிப்போகிற குமார் சேர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“ஸமீர், முன்னுக்கு நான் போவேன். நீங்க கடைசியில வாங்க. உங்களுக்குப் பின்னால ஒருத்தரும் இருக்கக் கூடாது. என்ன அவசரம்னாலும் ஒரு கெஸ்டையும் முந்தாதீங்க.”

எங்கள் தொழிலில் இதற்கு ஸ்வீப் என்று பெயர். பஞ்சர் ஒட்டுவது, அறுந்த செயினை மாட்டுவது, ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தைரியம் சொல்வது எல்லாம் ஸ்வீப்பின் பாடு. இத்தனை வருடத்தில் கெஸ்ட்மாரின் முகத்தைவிட முதுகுதான் எனக்கு அதிகம் பழக்கம்.

ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஆட்கள் வழவழப்பான கார்பட் ரோடு கேட்டு பிரதேச சபை மெம்பரின் வாசலில் நிற்கிறார்கள். இவர்களோ கார்பட் ரோட்டைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். கிரவல் மண் பாதை வேண்டுமாம், கல் வேண்டுமாம், வயல் ஓரத்து வாய்க்கால் கட்டு வேண்டுமாம். அதற்கென்றே அகல டயர் போட்ட சைக்கிள். டயரில் சின்னச் சின்னப் பற்கள் மாதிரி ரப்பர் கட்டைகள் இருக்கும்; கல்லில் வழுக்காது. அந்தப் பற்கள் என்னவெல்லாம் செய்யும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

2. ஏறிப் போகச் சொன்னவர்

ஒரு நாள் மிளகுக் கொடிகளுக்கு நடுவே பல்லேபொல பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். வஹகோட்டையில் தேத்தண்ணீர். அங்கே ஏற்பாடு செய்ய குமார் சேர் முன்னாலேயே போய்விட்டார். கெஸ்ட்மாரின் ஹேண்டிலில் பாதை காட்டும் மெஷின் இருப்பதால் வழி தவற வாய்ப்பில்லை.

நெல் வெட்டு முடிந்த காலம். கிரவல் பாதையின் நடுவே கொஞ்ச தூரம் கொங்கிரீட் போட்டிருப்பார்கள். அந்த இடம் முழுக்க நெல் காயும். நெல் காய்கிற இடத்தில் இறங்கி ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். முதல் இடத்தில் கெஸ்ட்மார் சரியாகத்தான் இறங்கினார்கள். நெல்லுக்குச் சொந்தக்காரரான ஒரு அண்ணன், எங்கள் பேச்சில் நானா, தோளில் துவாயோடு மாமர நிழலில் நின்றார். இறங்கியவர்களைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம்.

“ஏறிப் போகச் சொல்லுங்க தம்பி, வீட்டுக்குத் திங்கிற கீரிச்சம்பாதானே. நெல்லுக்கு என்ன நோவா?” என்று கையை ஆட்டினார்.

கெஸ்ட்மார் சிரித்துக்கொண்டே நெல்லின் மேல் ஓட்டினார்கள். சரசரவென்று சத்தம். நல்ல மனிதர், நல்ல மனதோடு சொன்னார். அதைப் பார்த்து அவர்கள் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள்: இந்த ஊரில் நெல்லின் மேல் ஓட்டலாம்.

அடுத்த வளைவுக்கு அப்பால் இன்னொரு கொங்கிரீட் துண்டு. அங்கேயும் நெல். ஆனால் காவலுக்கு ஆள் இல்லை. கடைசி கெஸ்டுக்குச் செயின் மாட்டிவிட்டு நான் வளைவுக்கு வருவதற்குள் மற்றவர்கள் அத்தனை பேரும் அதில் ஏறி இறங்கிவிட்டார்கள். நெல்லின் மேல் கோடு கோடாகத் தடம்.

மறு பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். ஓடி வந்த வேகத்தில் அவரே தன் நெல்லை மிதித்துக் கலக்கியபடி வந்தார். பரீதா ராத்தா; எங்கள் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. அந்த வழியில் அவரை அடிக்கடி பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

“தம்பி, மேல்பக்கம் நானாட நெல்லுலயும் ஏறித்தானா வந்தாங்க?”

“ஓம் ராத்தா.”

அவர் அப்படியே குந்திவிட்டார். “இது விதைநெல்லு தம்பி.”

3. யார் எங்கே போனீர்கள்?

ஒரு சைக்கிளைத் தூக்கி டயரைப் பார்த்தேன். பற்களுக்கு இடையில் கீரிச்சம்பா மணிகள் சிக்கியிருந்தன; மற்றவை இங்கே உதிர்ந்திருக்கும். ராத்தாவுடையது நாட்டரிசி நெல், மணி பெரிது. விதைக்கென்று கொடுக்கிற நெல்லில் வேறு இனம் கலக்கக் கூடாது. விவசாய ஆபீஸர் வந்து சாம்பிள் எடுப்பார். அதில் வேறு மணி அகப்பட்டால் மொத்தத்தையும் தள்ளிவிடுவார். நாற்று நட்டு, வயலில் இறங்கி வேற்றுக் கதிரைக் கையால் பிடுங்கி ராத்தா வளர்த்தது எல்லாம் வெறும் சோற்று நெல்லாகிவிடும்.

போன் போட்டதும் குமார் சேர் திரும்பி வந்தார். வந்ததும் கெஸ்ட்மார் மீது பாய்ந்தார். மெஷினைப் பார்க்கத் தெரிகிறது, கீழே பார்க்கத் தெரியாதா என்று இங்கிலீஷில் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ராத்தாவிடம் திரும்பினார்.

“இதே நெல்லு வேற எடத்துல வாங்கித் தந்துர்றேன்மா.”

“வேற நெல்லு வந்தா அதுவும் கலப்புத்தானே சேர்,” என்றார் ராத்தா.



ராத்தா எழுந்து கெஸ்ட்மாரின் பக்கம் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை.

“தடம் போன எடத்த அகலமா அள்ளித் தனியா எடுத்துட்டா மிச்சம் தப்பும். ஆனா பாதிய நானே ஓடி வந்து கலக்கிட்டேன், தடம் தெரியல. இவங்கதான் சொல்லணும். ஒவ்வொருத்தரா கேளுங்க தம்பி, யாரு எங்கால போனாங்கன்னு. ஏசாம கேளுங்க.”

கேட்டேன். ஒவ்வொருவராக ஓரத்தில் நடந்து வந்து, தான் ஏறிய இடத்தையும் இறங்கிய இடத்தையும் காட்டினார்கள். ராத்தா தும்புத்தடியால் கூட்டக் கூட்ட, சேரும் நானும் சாக்கில் அள்ளினோம். பெரும்பாலும் எல்லாரும் நேராகத்தான் போயிருந்தார்கள். அள்ளி முடித்தபோது முக்கால்வாசி நெல் மிஞ்சியிருந்தது. ராத்தாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்போதுதான் ஹன்னா என்ற ஜெர்மன்காரப் பெண் என் கையைத் தொட்டார். முதலில் அவரும் நேராகப் போனதாகத்தான் காட்டியிருந்தார். இப்போது முகம் சிவந்து போயிருந்தது. தான் நேராக மட்டும் போகவில்லை, வீடியோ எடுப்பதற்காகத் திரும்பி வந்து, ராத்தா கலக்கிய பக்கத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் போனதாகச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

நான் அதை ராத்தாவிடம் சொன்னேன். சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். நல்ல கனமாகப் பரப்பியிருந்த இடம் அதுதான்.

“எவ்வளவு பெரிய வட்டம்னு கேளுங்க.”

ஹன்னா நடந்து காட்டினார். ராத்தா அந்த வட்டத்துக்கு வெளியேயும் ஒரு முழம் தள்ளிக் கூட்ட ஆரம்பித்தார். ஹன்னா சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாக்கைப் பிடித்துக்கொண்டார். மிஞ்சிய விதைநெல் பாதிக்குக் கொஞ்சம் மேல். அன்றைக்கு யாரும் வஹகோட்டைக்குப் போய்ச் சேரவில்லை.

4. சாம்பிள்

அதற்குப் பிறகு எங்கள் சட்டம் மாறியது. யார் ஏறிப் போகச் சொன்னாலும் நெல்லின் மேல் ஏறுவதில்லை. வெட்டுக் காலத்தில் நான் முதல் நாளே போய் எங்கே எது காய்கிறது என்று விசாரித்துவிட்டு வருவேன். இதெல்லாம் சுலபம்; காத்திருப்பதுதான் கஷ்டம்.

ஆபீஸர் சாம்பிள் எடுத்துப் போன பிறகு ராத்தாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த நாட்களில் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஒரு நாள் கடையில் டியூப் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“நெல்லு பாஸ் தம்பி,” என்றார் ராத்தா. “அல்ஹம்துலில்லாஹ். விதைக்கு எடுத்துக்கிட்டாங்க.”

பிறகு தொடர்ந்தார்.

“அந்தப் பிள்ளைக்கு ஒரு விஷயம் சொல்லிருங்க. வட்டத்துல அள்ளினத வீட்டுல பாயில கொட்டிப் பார்த்தேன். கீரிச்சம்பா மணி அதுல இருந்திச்சு. அவ வாய் தொறக்காட்டி எல்லாம் போயிருக்கும்.”

அதை அப்படியே எழுதி ஹன்னாவுக்கு அனுப்பினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டியூப் மாற்றவும் செயின் மாட்டவும் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்வது ஒன்றுதான். வழியில் ஏதாவது கெட்டுப்போனால் ஏசிவிட்டுக் கேட்காதீர்கள். குமார் சேர் ஏசிய பயத்தில் ஹன்னா முதலில் நேராகப் போனேன் என்றுதான் காட்டினார். ராத்தா ஏசாமல் கூட்டியதைப் பார்த்த பிறகுதான் அந்த வட்டம் வெளியே வந்தது.