கம்பத்துக்குத் தைத்த சீருடை

கம்பத்தில் ஏறுகிறவர்களுக்குத் துணி ஆகாது. தொடையும் முழங்கால் மடிப்பும் அக்குளும் வெறுந்தோலாக இரும்பைக் கவ்வினால்தான் உடம்பு மேலே நிற்கும். அதனால் அரைக்கால் டவுசரும் கையில்லாத பனியனும் போட்டுக்கொண்டுதான் பயிற்சி செய்வார்கள். உலகத்துக்கே துணி தைத்து அனுப்பும் ஊரில் இதை விளக்கிச் சொல்ல என்னால் கடைசிவரை முடியவில்லை.

திருப்பூர் மண்ணரையில் நிட்டிங் மிஷின்கள் ஓடிய ஒரு ஷெட் காலியானபோது அதை வாடகைக்கு எடுத்து, கூரை உத்திரத்துக்கும் தரைக்கும் நடுவே நான்கு இரும்புக் கம்பங்களை நிறுத்தி, போல் ஸ்போர்ட் என்கிற கம்ப விளையாட்டுக்குப் பயிற்சிக்கூடம் தொடங்கினார் ஓர் இளம்பெண். ஓரமாக மேலிருந்து ஓர் இரும்பு வளையமும் தொங்கும். அவருடைய பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். பிள்ளைகள் அவரை மிஸ் என்றார்கள். நான் கோச் என்பேன்.

என் மகள் ஏழாம் வகுப்பில் அங்கே போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் யாரிடமும் பேசாத பெண், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிற பெண். அங்கே போன பிறகு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையையும் காலையும் ஆட்டி எதையாவது விவரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு உயரம் என்றால் ஆகாது. அவள் தலைகீழாகத் தொங்கும்போது நான் ஷெட்டுக்கு வெளியே போய் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல நிற்பேன்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காங்கேயத்தில் ஒரு காதுகுத்து வீட்டில், என் மகளின் வீடியோவை யாரோ போனில் காட்ட, என் அக்கா பந்தியிலேயே கேட்டாள்.

"ஏந்தம்பி, ஊருக்கெல்லாம் துணி தெச்சுக் குடுக்கறோம். உம்புள்ளைக்கு முழங்கால் வரைக்கும் போட ஒரு முழம் துணி கெடைக்கலியா?"

இலைக்கு முன்னால் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகள் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

பதினொன்றாம் வகுப்பில் பெங்களூருவில் ஒரு போட்டிக்குப் போய் வெள்ளிப் பதக்கம் வாங்கி வந்தாள். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப்போனாள். விளையாட்டு ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஒருமுறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இது கவர்ன்மென்ட் லிஸ்ட்லயே இல்லியே. காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது." அன்று இரவு அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏனுங்ப்பா, நான் பண்றது வெளையாட்டு இல்லீங்களா?"

பட்டியலில் சேர வேண்டுமானால் மாவட்டங்களில் ஒழுங்காக நடக்கும் கிளைகள் வேண்டும் என்று இந்த விளையாட்டின் மாநிலச் சங்கத்தில் சொன்னார்கள். திருப்பூருக்கும் ஒரு மேடத்தை அனுப்பிப் பார்ப்பதாகத் தகவல் வந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஷெட்டில் கூடினோம். எங்களில் ஒருவரைச் செயலாளர் ஆக்கினோம். அவர் பெரிய ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர். நானும் ஏற்றுமதி கம்பெனி அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன் என்பதால் அவர் வேலை எனக்குப் புதிதல்ல. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் கம்பெனியைச் சோதிக்க வரும் நாளை ஆடிட் என்போம். அதற்கு முந்தின வாரம் முழுக்கக் கம்பெனி குளித்துத் தலைவாரிக்கொள்ளும். தீயணைப்பான்களுக்குப் புது அட்டை தொங்கும். நடைபாதைக் கோடுகளுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிப்பார்கள். டெய்லர்களை உட்காரவைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துவார்கள். வருகிறவருக்கும் அது தெரியும். ஆர்டர் கிடைத்துவிடும்.

செயலாளர் எழுந்து, "இதும் ஒரு ஆடிட் மாதிரிதானுங்க. பயப்படாதீங்க, எங்கிட்ட உட்ருங்க" என்றார். எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது. தெரிந்த வேலையாகிவிட்டதல்லவா?

தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். முதலுதவிப் பெட்டி வந்தது. பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, செயலாளரே வரப்போகும் மேடமாக நடித்துக் கேள்வி கேட்டார்.

"பிராக்டிஸ்ல கீழ விழுந்திருக்கீங்களா பாப்பா?"

"இல்லீங்க மேடம்."

"எங்கியாச்சும் வலிக்குதா?"

"இல்லீங்க மேடம்."

கடைசியில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்புப் பெண் மட்டும், "எனக்கு முட்டி வலிக்குதுங் மாமா" என்றது.

"மேடம் போனதுக்கப்பறம் வலிக்கட்டும் கண்ணு" என்றார் அவர். ஷெட்டே அதிரச் சிரித்தோம்.

பிறகு சீருடை. திருப்பூரில் எந்தக் காரியத்தையும் ஒரு டீசர்ட் இல்லாமல் தொடங்க மாட்டோம். செயலாளர் தன் கம்பெனி சேம்பிள் பிரிவில் சொல்லி, பிள்ளை பிள்ளையாக அளவெடுத்துத் தைத்துவிட்டார். கருநீல பாலியஸ்டர் துணியில் கணுக்கால் வரை லெக்கிங்ஸ், முழுக்கை மேல்சட்டை, முதுகில் மாவட்டத்தின் பெயர். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது.

கோச் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தார். "சார், இது அழகாத்தான் இருக்கு. ஆனா இதப் போட்டுட்டு கம்பத்துல ஏறுனா வழுக்கிரும்லா. தோலுதான் சார் பிடிக்கும்."

"போட்டோவுக்கும் பரேடுக்கும் மட்டுந்தானுங்க டீச்சர். வர்றவங்க முன்னால டவுசரோட நிறுத்துனா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

கோச் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். அந்தச் சீருடையில் என் மகள் நிற்கும் படத்தை அக்காவுக்கு அனுப்பலாம் என்று அப்போது நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அலட்டல் இல்லாதவர். கம்பங்களை அசைத்துப் பார்த்தார். மஞ்சள் கோட்டைப் பார்த்து, "இங்க எதுக்கு இது?" என்று சிரித்தார். பிள்ளைகளிடம் கேட்டார், அவர்கள் கூசாமல் பதில் சொன்னார்கள். முட்டி வலிக்கும் பெண்கூடச் சரியாகச் சொன்னது. இளநீர் குடித்து முடித்துக் கிளம்பும்போதுதான், "யாராவது ஒருத்தர் ஏறிக் காட்டுங்களேன், சும்மா பார்க்கலாம்" என்றார்.

எல்லோரும் என் மகளைப் பார்த்தோம்.

கோச் முன்னால் வந்தார். "மேடம், அஞ்சு நிமிஷம். டிரஸ் மாத்திட்டு வரச் சொல்லுதேன்."

"எதுக்குங்க டீச்சர்?" என்றார் செயலாளர். "நம்ம புள்ளைங்க எப்பவும் இந்த டிரஸ்லதானுங்க மேடம் பண்றாங்க. நீ பண்ணு கண்ணு."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேனா, எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாக இல்லை. அவள் கம்பத்தில் கை வைத்தாள். கையின் பலத்திலேயே ஏறிவிட்டாள். மேலே போய்த் தலைகீழாகத் திரும்பி, முழங்கால் மடிப்பில் கம்பத்தைப் பூட்டி, இரண்டு கைகளையும் விட்டாள். எப்போதும் வெளியே போய்விடுகிறவன் நான். அன்றைக்கு மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். கால், உறைக்குள்ளிருந்து உருவியதுபோல வழுக்கி வந்தது. தலை தரையில் மோதாமல் இருக்க அவள் இடக்கையை வீசிக் கம்பத்தைப் பிடித்தாள். கீழே வந்த வேகம் முழுவதும் அந்த ஒரு தோளில் இறங்கியது. ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். கை மட்டும் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. மேடம் பதறி ஓடிவந்து, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார்.

"இல்லீங்க மேடம்."

"என்ன ஆச்சு?"

"கை வேர்த்துருச்சுங்க மேடம். என் தப்புதானுங்க."

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உதடு வெளுத்துப்போயிருந்தது. அப்போதும் அவள் சரியான பதிலைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாள்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. மூட்டு விலகியதோடு சுற்றியிருந்த தசைநாரும் கிழிந்திருந்தது, நரம்பும் இழுபட்டிருந்தது. டாக்டர் என்னை மட்டும் தனியே அழைத்தார். "எழுதலாம், சமைக்கலாம், வண்டி ஓட்டலாம். உடம்பு எடையை அந்தக் கையில தாங்குற விளையாட்டு இனி வேண்டாம். மறுபடி விலகினா கையே சரியா வராது." மெதுவாக அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

அவள் கட்டோடு படுத்திருக்கும்போதே மாவட்டக் கிளைக்கு ஒப்புதல் வந்தது. செயலாளர் ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது.

"உங்க பாப்பா அன்னிக்குப் பேசுன பேச்சுதானுங்க நம்மளக் காப்பாத்துச்சு. வேற புள்ளையா இருந்தா அழுது கெடுத்திருக்கும்" என்றார். பிறகு போனை எடுத்து மேடத்தின் அறிக்கையைக் காட்டினார். விபத்துக்கு வீராங்கனையின் கவனக்குறைவு காரணம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, திருப்பூர்ப் பிள்ளைகளின் சீருடை நம் பண்பாட்டுக்கு ஏற்றது, எல்லா மாவட்டங்களும் இதையே பின்பற்றலாம் என்று இன்னொரு வரி. "எல்லா மாவட்டத்துக்கும் நம்ம ஊர்லயே தெச்சுரலாமுங்க" என்றார். உள்ளே மகள் "சந்தோசமுங்க அங்கிள்" என்று சொல்வது கேட்டது.

கோச்சிடம் போய் அந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். "நான் ஏற்கெனவே சங்கத்துக்கு எழுதிப் போட்டாச்சு சார். பதில் இல்ல. ஷெட்டுல நான் டவுசர்லதான் ஏத்துதேன். ஆனா மத்த ஊர்ல யார் கேப்பா?" என்றார்.

சேலத்திலோ மதுரையிலோ ஏதோ ஒரு பெண் கருநீல லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டு மேலே ஏறுவது கண்ணை மூடினாலே தெரிந்தது. போன வாரம் அலுவலக மொட்டை மாடிக்குப் போய் மேடத்தைப் போனில் கூப்பிட்டேன். துணிதான் வழுக்கியது, கையில் வேர்வை இல்லை, பிள்ளைகள் ஒருநாளும் அந்த உடையில் ஏறியதில்லை, எல்லாம் நீங்கள் வரப்போகிறீர்கள் என்று நாங்கள் ஒத்திகை பார்த்தது என்றேன்.

"அன்னைக்கு நீங்களும் அங்கதானே சார் நின்னீங்க? உங்க பொண்ணே தன் தப்புன்னு சொன்னா. இப்ப நான் எதை நம்புறது? நீங்க சொல்றதை எழுதினா உங்க மாவட்டத்தோட ஒப்புதலை நிறுத்தணும். அப்ப பட்டியலுக்குப் போற வேலையும் நிக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசித்துச் சொல்வதற்குள் செய்தி செயலாளருக்குப் போய், அவர் மகள் வழியாக என் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாலை நான் செருப்பைக் கழற்றும்போதே மகள் கூடத்தில் நின்றிருந்தாள்.

"மேடத்துக்கு போன் பண்ணுனீங்களாப்பா?"

"ஆமா கண்ணு."

"நான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டீங்களா?"

"நீ பொய் சொல்லலை. நாங்கதான்…"

"இனி அவங்க மொகத்துல எப்படீங்ப்பா முழிக்கறது? அடுத்த வருசம் ஸ்டேட் மீட்டுக்கு அவங்கதான் ஜட்ஜா வருவாங்க. என்னைப் பாத்தா இந்தப் புள்ளைதானேன்னு நெனப்பாங்கல்ல?"

நீ அங்கே போக மாட்டாய் என்பது தொண்டைவரை வந்தது. அன்றைக்கு டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் சொல்லியிருக்க வேண்டியது. என் மனைவி அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள். நான், "நெனக்க மாட்டாங்க கண்ணு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். பிசியோ சொல்லித்தந்த பயிற்சி. இடக்கை விரல்களைச் சுவரில் ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்த வேண்டும். விரல்கள் தோள்வரை போய் அதற்குமேல் நகராமல் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.