திரையில் விழுந்த ஊசிக்கோடு

திருப்பூரில் நான் நிட்டிங் மெஷின் ஓட்டிய நாட்களில் வேலை எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கியதும் லைன் வீட்டில் பாதிப் பேர் மதுரைக்கும் தேனிக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் குடும்பத்தோடு இருப்பவர்கள். காலையிலேயே கறி வேகும் வாசனை வரும், குழந்தைகள் சத்தம் வரும். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஊர் இருந்தது, போனால் கதவைத் திறக்க ஆள் இல்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். சிவகாசியில் கொஞ்ச காலம், பெங்களூரில் ஓட்டல் வேலை, சூரத்தில் ஒரு சாயப்பட்டறை. எல்லா ஊரிலும் பழகின ஆட்கள் உண்டு. ஊரை விட்டதும் அவர்களும் விட்டுப்போனார்கள்.

அந்த ஞாயிறுகளுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து, இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு நடக்கும். என் பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒருவர் உட்காருவார். ஊத்துக்குளிப் பக்கத்துக் கிராமத்துக்காரர், வேறொரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை, ஏறக்குறைய என் வயது. விளையாடுவதற்காகவே ஞாயிற்றுக்கிழமையும் ரயிலேறி வருவார்.

"ஏனுங்க, உங்களுக்குப் பின்னாடி ஒருத்தரு வர்றாருங்க, கொஞ்சம் திரும்புங்க" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் செத்திருப்பேன்.

"சுடும்வே, மொதல்ல சுடும். மரியாதைய பொறவு குடுக்கலாம்" என்று கத்துவேன்.

அவர் சுட்டுவிட்டு எதிர் வரிசையை எட்டிப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதீங்க, சுட்டுப்போட்டனுங்க" என்று சொல்வார். ஒரு தடவை எதிர் வரிசையில் இருந்த ஒருவன், "அண்ணா, குண்டுக்கும் ஒரு 'ங்க' போட்டு அனுப்பி வுடுங்க, வாங்கிக்கறோம்" என்றான். சென்டரே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் எந்த ஊரிலும் அப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்ததாக நினைவில்லை.

பிறகு சென்டரின் முதலாளி அதை செல்போன் கடையாக மாற்றினார். கடைசி நாளன்று டீக்கடையில் நின்றபோது ஊத்துக்குளிக்காரர் சொன்னார்: "நீங்க உங்க ரூம்ல ஒரு சிஸ்டம் போட்டீங்கன்னா நான் ஞாயித்துக்கெழமையானா வந்துருவேனுங்க. எங்கூட்ல வெச்சா எங்கம்மா வெளக்கமாத்தத் தூக்கீரும்."

டீயை ஊதிக்கொண்டே சொன்ன வார்த்தைதான். அவர் அதை அங்கேயே மறந்திருக்கலாம். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் ஒருவரைத் தேடிப் போனேன். காதர்பேட்டையை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில் கடை. கழற்றிப் போட்ட சாமான்களுக்கு நடுவில் அவர் உட்கார இடம் மட்டும்தான் இருந்தது.

"எதுக்குங்க சிஸ்டம்? டேலி கத்துக்கறதுக்குங்களா?"

"கேம்ஸ் விளையாட."

"கேம்ஸுக்கு மட்டுமேவா?" கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு உற்சாகமாகிவிட்டார். அதுவரை அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் கணக்கு எழுதத்தான் கேட்டார்களாம். ப்ராசஸரில் ஒரு படி கீழே இறங்கலாம், ரேம் மெமரியைப் பிற்பாடு கூட்டிக்கொள்ளலாம், மானிட்டர் பழையது போதும், ஆனால் கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். டப்பாவிலும் படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டிலும் கை வைக்கக் கூடாது என்றார். இரண்டு டப்பாக்களை முன்னால் வைத்தார். அவற்றில் எழுதியிருந்தது எனக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுத்தேன்.

"துணியா எடுக்கறீங்க, ஜி.எஸ்.எம். கனம் பாக்கறதுக்கு?" என்று சிரித்தவர், "ஆனா நல்லதத்தானுங்க எடுத்திருக்கீங்க" என்றார். அதில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் வந்திருக்க வேண்டாம்.

"ஹெட்ஃபோன் போதுங்களா, ஸ்பீக்கர் வேணுங்களா?"

"ஸ்பீக்கர். ரெண்டு பேர் கேக்கணும்."

"அப்ப ஊட்டுக்காரம்மா சீரியல் பாக்கறதுக்கு டிவி கார்டு ஒண்ணு போட்டு வுடட்டுங்களா?"

"வேண்டாம். அவருக்குச் சுடுறதுதான் பிடிக்கும்."

அவர் சீட்டில் ஸ்பீக்கரை மட்டும் எழுதிக்கொண்டார்.

கிராஃபிக்ஸ் கார்டில்தான் நின்றுபோனோம். புதியது என் கைக்கு எட்டவில்லை. பிரிண்டிங் டிசைன் போடும் ஒரு ஆபீஸில் கழற்றியது என்று பழைய கார்டு ஒன்றை மாட்டிக் காட்டினார். படம் அருமையாக வந்தது. திரையின் வலது ஓரத்தில் மட்டும் மேலிருந்து கீழாக மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு.

"கோடு இருக்குதுங்க, சொல்லிப்போட்டேன். இதுக்கு வாரண்டி கெடையாதுங்க. புதுசு வேணும்னா இன்னும் ரெண்டு மாசம் பொறுத்து வாங்க."

இரண்டு மாதம் என்றால் அத்தனை ஞாயிறு. அதற்குள் ஊத்துக்குளிக்காரர் வேறு ஏதாவது விளையாட்டுக்குப் போய்விடுவார். அதோடு அந்தக் கோடு எனக்குத் தெரிந்த கோடாக இருந்தது. நிட்டிங் மெஷினில் ஒரு ஊசியின் கொக்கி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும். ஊசியை மாற்றும்வரை அதே இடத்தில், அதே அகலத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஊசிக்குத் தாவாது. அந்தத் துணியில் தைத்த பனியன் இரண்டாம் தரமாக, செகண்ட்ஸில் போகும், ஆனால் கிழியும்வரை உழைக்கும். நானே போட்டிருந்தது அப்படி ஒரு பனியன்தான். கம்ப்யூட்டருக்குள்ளும் ஏதோ ஒரு ஊசி உடைந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். "இதையே போடுங்க" என்றேன்.

அவர் என் அறைக்கு வந்து மாட்டிக் கொடுத்தார். போகும்போது திரையில் பச்சைப் புல்வெளிப் படம் ஒன்றை வைத்தார். கோடு அதற்குள் மறைந்துபோனது. விளையாட்டில் வரும் காட்டுப் பச்சையிலும் அது கண்ணில் படவில்லை. செகண்ட்ஸ் பனியனைப் பழுது உள்ளே போகும்படி மடித்து அடுக்குவோம். அந்த வேலை இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். அன்றைக்கே இரண்டாவது நாற்காலி ஒன்றும் வாங்கினேன்.

அந்த ஞாயிறு ஊத்துக்குளிக்காரர் வந்தார். வாழை இலையில் சுற்றிய வெண்ணெய் ஒரு உருண்டை கொண்டுவந்தார். அதை வைத்துக்கொண்டு தனிக்கட்டை என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீரில் போட்டு வைத்தேன். அவர் கம்ப்யூட்டரைச் சுற்றி வந்து பார்த்தார். "படம் தெளிஞ்ச தண்ணியாட்டம் இருக்குதுங்க" என்றார்.

ஒரே சிஸ்டம் என்பதால் ஒருவர் செத்தால் அடுத்தவர் உட்கார வேண்டும். "நீங்க ஆடுங்க." "இல்ல, நீரு ஆடும்." "பரவால்லீங்க, நீங்களே ஆடுங்க." இப்படியே நேரம் போனது. தன் முறை வந்தால் சீக்கிரமே செத்துவிட்டு எழுந்தார். வேண்டுமென்றே சாகிறாரோ என்று சந்தேகம் வந்து, "இந்தத் தடவ சாவாம ஆடுனாத்தான் டீ" என்று மிரட்டி உட்கார வைத்தேன். அவர் நன்றாக ஆடத் தொடங்கினார். நான் பின்னால் நின்று, "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று கத்தினேன். பக்கத்து அறைக் குழந்தைகள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தன. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அன்று என் அறையும் ஞாயிற்றுக்கிழமை வீடு போலத்தான் இருந்திருக்கும்.

அப்போது திரையில் ஒரு கோடு இரண்டாயிற்று. பிறகு நாலைந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்கக் கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஆகி, சிஸ்டம் அப்படியே நின்றது.

அவர் சூடு பட்டதுபோலக் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்தார். "நான் எதையோ அமுத்திப்போட்டனுங்க."

"நீரு ஒண்ணும் பண்ணல. கோடு முன்னாலயே இருந்துச்சுவே."

"எங்கீங்க இருந்துச்சு? வந்ததும் பாத்தனே, சுத்தமா இருந்துச்சுங்க."

புல்வெளிப் படத்தைச் சொன்னேன். கார்டு பழையது என்று சொன்னேன். ஊசிக்கோடு மாதிரி ஒன்றுதான், அதைத் தெரிந்தேதான் வாங்கினேன் என்றும் சொன்னேன். கட்டிங் மேஜையில் தினமும் ஊசிக்கோடு பார்க்கிறவர் அவர். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஊசிக்கோடு அகலமாவாதுங்களே" என்றார்.

நானும் அதை நம்பித்தானே வாங்கினேன். டீ குடிக்கக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார். வழக்கமான ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஓவர்டைம் பார்த்துப் புது கார்டு போட்டேன். போன் செய்து, சிஸ்டம் சரியாகிவிட்டது, வாருங்கள் என்றேன். "வர்றேனுங்க" என்றார். வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் "வர்றேனுங்க." அந்தப் பக்கத்து ஆட்கள் வரமாட்டேன் என்று வாயால் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடைசியில் அசெம்பிள் செய்த கடைக்காரரையே அவரிடம் போனில் பேச வைத்தேன். அந்தக் கார்டு எப்படியும் போயிருக்கும், யார் தொட்டிருந்தாலும் போயிருக்கும் என்று கடைக்காரர் விளக்கிச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் வேலை விட்டதும் ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். அதுவரை என்னைக் கும்பிட்டதில்லை.

"சிஸ்டம் நல்லா ஓடுதுங்களா?"

"ஓடுது. ஆள்தான் இல்ல. கடைக்காரர் பேசினாரே, கேட்டீங்களா?"

"பேசுனாருங்க. எம் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு அவரையும் அப்புடிச் சொல்ல வெச்சிருக்கீங்க. இந்த மனசு யாருக்கு வருமுங்க?"

"சத்தியமா அது பழைய கார்டுதான்."

"உடுங்க. அதையே பேசிட்டிருக்க வேண்டாமுங்க."

ஈரோட்டுப் பாசஞ்சர் வந்தது. கூட்டம் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனது. ஜன்னல் பக்கம் வர முயன்றார், முடியவில்லை. கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை வேலை கேட்டேன்.

"நீதானப்பா ஞாயித்துக்கெழமைன்னா வரவே மாட்டேன்னு எங்கூட மல்லுக்கு நிப்ப?"

"இப்ப வாரேன்."

"செரி, அந்தக் கடைசி மெஷினுக்கு ஆளில்ல. அத ஓட்டிக்க" என்றார்.