ரவுட்டர் என்ற ஒரு சொல்

எனக்குத் திக்குவாய். அதை மறைக்காமல் சொல்லித்தான், கண்டியில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தில் வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையைக் கேட்டேன். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள். ஹோல்ட், எக்ஸ்டென்ஷன், ஃபைபர், ரவுட்டர் என்று வேலைக்குரிய சொற்களைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். 'ர' மட்டும் வர மறுத்தது.

முதல் அழைப்பு அக்குறணையிலிருந்து. தன் உம்மாவின் போனில் ஒரு பெண் பேசினாள்.

"இன்டர்நெட் இல்ல தங்கச்சி. கட்டார்ல ஈக்கிற என்ட மாப்பிள்ள இப்ப வீடியோ கோல் எடுப்பார். எங்கட புள்ள பொறந்து இன்னும் முகம் பாக்கல்ல."

"ர... ர..." என்றேன். மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார்.

"வே... வேற ஒருத்தருக்கு மாத்தி விடுறேங்க."

"வாணாம். நீங்களே ஆறுதலா சொல்லுங்க. நான் போன வெக்க மாட்டேன்."

அவள் காத்திருந்தாள். என் சொல்லை முந்திக்கொண்டு சொல்லவும் இல்லை.

"ரவுட்டருக்குப் பின்னால வயர் கழண்டிருக்கான்னு பாருங்க" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

தொட்டில் வைக்க மேசையை நகர்த்தியபோது வயர் கழன்றுவிட்டதாம். அதைச் செருகினாள். சற்று நேரத்தில் அங்கே இன்னொரு போன் ஒலித்தது. "வாப்பாவப் பாருங்க மகன்" என்றாள். ஓர் ஆண் குரல் விம்மியது. என் அழைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டாள் போலும் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, உங்களுக்கும் கேக்குதுதானே?" என்றாள்.

அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். திக்குவதும் நிற்கவில்லை. மறுமுனை மௌனமானால் அது எரிச்சல் என்றே முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது, யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.