லாசரஸ் சாரின் சாட்சி

என் பக்கத்து வீட்டு லாசரஸ் சாருக்கு யார் மனத்தையும் நோகடிக்கத் தெரியாது. இரும்புலியூரில் எல்லாருக்கும் அது தெரியும். பூகோள வாத்தியாராக இருந்த காலத்தில், தப்பாக விடை சொன்ன பையனிடம்கூட "அப்படியும் சொல்லலாம்" என்பார். அந்த வகுப்பில் காவிரி எத்தனை கடலில் கலந்ததோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

எழுபத்து நாலு வயதில் அவருக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சத்தியநாதன் கெட்டிக்காரர். நேரம் தவறாமல் மார்ஃபின் ஊசி, இடுப்புக்கு வெந்நீர்ப் பை, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, அதோடு சாரின் மனைவி ரத்தினபாய் அக்கா பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே மெதுவாகப் பாடும் கீர்த்தனை. "எல்லாம் சேர்ந்தாத்தாம்மா வலி அடங்கும். ஒண்ணையும் விடாதீங்க" என்றார் டாக்டர். அடங்கியது. மனிதர் தூங்கினார், கஞ்சி குடித்தார்.

அப்புறம் சபையார் வந்தார்கள். போதகர் ஞானையா அவர் தலையில் கைவைத்து, பக்கத்து வார்டுக்கும் சேர்த்துக் கேட்கும்படி ஜெபித்துவிட்டு, "இப்ப வலி எப்படி இருக்கு பிரதர்?" என்றார். எங்கள் சபையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு.

"சுத்தமா இல்லைங்க ஐயா, ஸ்தோத்திரம்" என்றார் லாசரஸ் சார்.

அன்று சத்தியநாதன் லீவு. அவருக்குப் பதிலாக வந்திருந்த சின்ன டாக்டர் இதைக் காதாரக் கேட்டார். மார்ஃபின் பழகிப்போய்விடும் என்று அவருக்கு ஏற்கெனவே பயம். சாகக்கிடக்கிறவர் அதைப் பழகிக்கொண்டு எங்கே போகப்போகிறார்? ஊசி நின்றது. அக்கா கெஞ்சியதற்கு, "அவரே சொன்னாரேம்மா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அற்புதத்தைப் பார்க்க இரண்டு மடங்கு கூட்டம். லாசரஸ் சார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். சின்ன டாக்டரும் வந்து நின்றார்.

"சாட்சி சொல்லுங்க பிரதர்" என்றார் போதகர்.

"நான் சொல்றேன்" என்று அக்கா எழுந்தார். "ஊசி நின்னதிலேர்ந்து இவர் கண்ணை மூடல. உங்க மனசு நோகுமேன்னு நேத்து பொய் சொன்னார்."

எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். அவரோ அப்போதும் போதகரின் முகம் வாடுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "வலிக்குது ஐயா. தாங்க முடியல" என்றார்.

சின்ன டாக்டர் போய் ஊசியோடு வந்தார். போதகர் தானே வெந்நீர்ப் பையை எடுத்துச் சாரின் இடுப்பில் வைத்தார். அக்கா பாதத்தைப் பிடித்துவிட உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து லாசரஸ் சார் கண்ணைத் திறந்தார்.

"இப்ப ஜெபம் பண்ணுங்க ஐயா. இப்பத்தான் காதுல விழும்."